‘ரீட் அலவுட்’ என்றால் கத்திப் படிப்பதா?

கேள்வி: மேடம், நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆஸ்திரேலியா போவதற்காக பி.டி.இ. என்ற ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறேன். அதில் ‘ரீட் அலவுட்’ என்று ஒரு பகுதி வருகிறது. அகராதியில் பார்த்தேன், ‘உரக்க, சத்தமாக’ என்று போட்டிருந்தது. அதனால் தினமும் டியூட்டி முடிந்து வந்து மொட்டை மாடியில் உரக்கப் படிக்கிறேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம். கீழ்வீட்டு அக்கா, “யாரோடம்மா சண்டை?” என்று கேட்கிறார். மாதிரித் தேர்வில் மதிப்பெண்ணும் ஏறவில்லை. பயிற்சி மையத்து சார் ‘அலவுட் வேற, லவுட்லி வேற’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

இன்னொன்று. எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு டாக்டர், ‘ஜஸ்ட் திங்கிங் அலவுட், ஷுட் வி மூவ் த மார்னிங் ரவுண்ட்ஸ் டு செவன்?’ என்று போட்டார். நான் அன்று இரவே டியூட்டி பட்டியலை மாற்றி, மறுநாள் எல்லோரையும் ஆறரைக்கே வரவைத்துவிட்டேன். டாக்டர் வழக்கம்போல எட்டரைக்குத்தான் வந்தார். இன்றுவரை கேலி செய்கிறார்கள். அப்புறம், ஒரு போன் இன்டர்வியூவில் சரியாகக் கேட்கவில்லை என்று ‘ப்ளீஸ் ஸ்பீக் அலவுட்’ என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. என்ன தப்பு? ‘அவுட் லவுட்’ என்கிறார்களே, அது வேறா?

கடைசியாக, மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மாமியார் அவனை ‘வாய்விட்டுப் படிடா’ என்கிறார். அவனுடைய மிஸ் ‘மனசுக்குள்ளே படி’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லி ஒரு நர்ஸுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் வீட்டிலேயே, மாமியார் வாயிலேயே இருக்கிறது. பேரனிடம் அவர் சொல்லும் ‘வாய்விட்டு’ இருக்கிறதே, அதுதான் ‘அலவுட்’. வாய்விட்டுப் படிப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, வாய்விட்டுச் சொல்வது, வாய்விட்டு அழுவது. இவை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பதம் ‘மனசுக்குள்’. ‘மெதுவாக’ என்பது இதற்கு எதிர்ப்பதம் கிடையாது. இந்த ஒரு இடத்தில்தான் அகராதி உங்களைக் கவிழ்த்தது. ‘அலவுட்’ என்ற சொல், குரல் வெளியே வந்ததா வரவில்லையா என்பதை மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு வந்தது என்று சொல்ல ‘லவுட்’, ‘லவுட்லி’ இருக்கின்றன. நம் ‘உரக்க’, ‘சத்தமாக’, ‘சத்தம் போட்டு’ எல்லாம் அந்தப் பக்கம் சேர வேண்டியவை.

சோதித்துப் பார்க்க ஒரு வாக்கியம். ‘ஷி ரெட் த லெட்டர் அலவுட் இன் எ லோ வாய்ஸ்.’ கடிதத்தைத் தாழ்ந்த குரலில் வாய்விட்டு வாசித்தாள். பிழையே இல்லாத ஆங்கிலம். பக்கத்தில் தூங்கும் நோயாளி விழித்துவிடக் கூடாதே என்று நீங்கள் சக நர்ஸுக்கு மருந்துச் சீட்டை அடங்கிய குரலில் படித்துக் காட்டினாலும், அது ‘ரீடிங் அலவுட்’தான். அதே வாக்கியத்தில் ‘லவுட்லி’யை வைத்துப் பாருங்கள்: தாழ்ந்த குரலில் உரக்க வாசித்தாள். வாக்கியம் தன்னோடு தானே சண்டை போடுகிறது.

அகராதியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் ‘அலவுட்’டுக்கு ‘உரத்த குரலில்’ என்ற பொருளும் பரவலாக இருந்தது. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில், ஏசாயா 58-ஆம் அதிகாரம் ‘க்ரை அலவுட், ஸ்பேர் நாட்’ என்று தொடங்குகிறது. தமிழ் வேதாகமத்தில் அந்த இடம் ‘சத்தமிட்டுக் கூப்பிடு; அடக்கிக்கொள்ளாதே’ என்று வரும். உடனே அடுத்து எக்காளம் வருகிறது. ஆக அங்கே உண்மையிலேயே உரத்த சத்தம்தான். இன்றும் ‘க்ரை அலவுட்’, ‘ஷவுட் அலவுட்’ போன்ற சில சேர்க்கைகளில் அந்தப் பழைய வாசனை மிச்சம் இருக்கிறது. ஆனால் கத்துவது என்ற பொருள் அங்கே ‘க்ரை’யிலும் ‘ஷவுட்’டிலுமே இருக்கிறது. ‘ரீட்’, ‘சே’, ‘திங்க்’, ‘வொண்டர்’ ஆகியவற்றோடு சேரும்போது, இன்றைய ஆங்கிலத்தில் ‘அலவுட்’ என்றால் வாய்விட்டு. அவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் பிறப்பைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். முன்னால் நிற்கும் அந்த ‘அ’, பழைய ஆங்கிலத்தின் ‘ஆன்’ தேய்ந்து வந்தது. ‘அஷோர்’ என்றால் கரையில், ‘அஸ்லீப்’ என்றால் தூக்கத்தில். அதே வரிசைதான் இதுவும். பின்னால் வரும் ‘லவுட்’டின் வேர், ‘கேட்டல்’ என்ற பொருள்கொண்ட மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘ச்ருதி’யும் வந்தது, நம் கச்சேரி மேடையில் தம்பூரா போடும் சுருதி. காதில் விழுவது என்பதுதான் ஆதிப் பொருள். பிற்பாடு ‘லவுட்’ பேரிரைச்சல் பக்கம் போய்விட்டது. ‘அலவுட்’டும் முதலில் அதோடு போய், இன்று காதில் விழும்படி என்ற அளவுக்குத் திரும்பிவிட்டது.

சரி, வாக்கியத்தில் இது எங்கே உட்காரும்? இது வினையடை. வினைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போய் நிற்காது. ‘ஆன் அலவுட் வாய்ஸ்’ என்று எழுதினால் தவறு. அங்கே ‘எ லவுட் வாய்ஸ்’. ‘வெரி அலவுட்’, ‘மோர் அலவுட்’ என்றும் வராது. வாய்விட்டா, இல்லையா என்ற கேள்விக்கு நடுவே அளவு ஏது? ‘அலவுட்லி’ என்று ஒரு சொல்லே கிடையாது. ஆனாலும் நான் திருத்தும் விடைத்தாள்களில் அது அடிக்கடி வந்து எட்டிப் பார்க்கும்.

செயப்படுபொருள் இருந்தால் அது முன்னால் வரும், ‘அலவுட்’ பின்னால் போகும்: ‘ரீட் த பாராகிராஃப் அலவுட்.’ நீளமான பொருளாக இருந்தால் ‘ரீட் அலவுட் த நேம்ஸ் ஆஃப் ஆல் த பேஷன்ட்ஸ் ஆன் த லிஸ்ட்’ என்று ‘அலவுட்’டை முன்னால் தூக்கிப் போடலாம். ‘இட்’, ‘தெம்’ போன்ற குட்டிச் சொற்களாக இருந்தால் அந்தச் சலுகை இல்லை. ‘ரீட் இட் அலவுட்’ மட்டுமே சரி. ‘ரீட் அலவுட் இட்’ என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ‘அலவுட்’ குரல் கொடுப்பவரின் பக்கம் நிற்கும் சொல்; கேட்பவரின் பக்கம் வராது. அதனால் ‘ஐ ஹேர்ட் இட் அலவுட்’ என்று சொல்வதில்லை.

இப்போது உங்கள் போன் இன்டர்வியூவுக்கு வருகிறேன். ‘ப்ளீஸ் ஸ்பீக் அலவுட்’ என்றதும் அந்தப் பக்கம் ஏன் அமைதியானது? நீங்கள் அவரிடம் ‘தயவுசெய்து வாய்விட்டுப் பேசுங்கள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அவர் அதுவரை என்ன மனசுக்குள்ளேயா பேசிக்கொண்டிருந்தார்? பாவம், குழம்பியிருப்பார். இந்தத் தவறு நம் ஊரில் மிகச் சாதாரணம். கால் சென்டரில் வேலை செய்பவர்கள்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ‘சத்தமாப் பேசுங்க’ என்று தமிழில் நினைத்து, அகராதி சொன்ன சொல்லை எடுத்துப் பொருத்துவதால் வருகிற வினை.

அந்த இடத்தில் ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது ‘ஸ்பீக் அப்’. ‘குட் யு ஸ்பீக் அப் எ லிட்டில், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். அல்லது ‘குட் யு ஸ்பீக் எ பிட் லவுடர்?’ இன்டர்வியூ மாதிரி இடங்களில், பழியைப் போன் மேல் போட்டுவிடுவது இன்னும் நயமாக இருக்கும்: ‘ஐ’ம் சாரி, த லைன் இஸ்ன்ட் வெரி க்ளியர். குட் யு சே தட் அகெய்ன்?’ எதிராளியின் குரலைக் குறை சொன்ன மாதிரியும் இருக்காது. கேட்காத கேள்வியும் திரும்பக் கிடைத்துவிடும்.

வார்டில் காது மந்தமான பெரியவர்களிடம் பேசும் சக ஊழியருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது ‘ஸ்பீக் லவுடர்’. இலக்கணப்படி பார்த்தால் ‘மோர் லவுட்லி’ என்றல்லவா வர வேண்டும் என்று கேட்கலாம். ‘டாக்’, ‘ஸ்பீக்’, ‘லாஃப்’, ‘ப்ளே’ போன்ற சில வினைகளோடு ‘லவுட்’டே வினையடையாக வேலை செய்யும். ‘டோன்ட் டாக் ஸோ லவுட்’ என்பது அன்றாடப் பேச்சில் முழுக்க முழுக்க இயல்பு. கதவைத் தட்டுவது, குறட்டை விடுவது, புகார் சொல்வது என்றால் ‘லவுட்லி’ பொருந்தும்: ‘ஹி ஸ்நோர்ஸ் லவுட்லி.’ குறட்டைக்கு ‘அலவுட்’ வராது. மனசுக்குள் விடும் குறட்டை என்று ஒன்று இருந்தால்தானே!

அடுத்து அந்த டாக்டர் விஷயம். உங்கள் சக ஊழியர்கள் கேலி செய்யட்டும். சொன்ன காரியத்தை அன்று இரவே முடிப்பவர் என்று ஒரு பெயராவது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ‘ஜஸ்ட் திங்கிங் அலவுட்’ என்பது ஆங்கில அலுவலக வழக்கில் ஒரு முன்ஜாமீன். ‘இது உத்தரவு இல்லை, முடிவும் இல்லை, மனதில் ஓடியதை அப்படியே கொட்டுகிறேன், நாளைக்கு இதை வைத்து என்னைப் பிடிக்காதீர்கள்’ என்று பொருள். நாம் ‘சும்மா தோணுச்சு, சொன்னேன்’ என்போமே, அதேதான். வாட்ஸ்அப்பில் குரலே இல்லையே, அங்கே எப்படி ‘அலவுட்’ என்று கேட்டால், அந்தத் தொடரில் குரல் முக்கியமில்லை. மனசுக்குள் இருந்தது நாலு பேர் முன்னால் வந்துவிட்டது என்பதுதான் செய்தி.

நம் ‘வாய்விட்டு’க்கும் இந்த நீட்சி உண்டு. ‘கஷ்டம்னா வாய்விட்டுக் கேக்க வேண்டியதுதானே’ என்கிறோம். அதில் சத்தத்தின் பேச்சே இல்லை. கூச்சத்தை விடுவதுதான் விஷயம். ஆனால் இந்தப் பொருளில் ‘அலவுட்’டைப் பயன்படுத்தக் கூடாது. ‘ஆஸ்க் அலவுட்’ என்றால் குரலெடுத்துக் கேட்டதாக மட்டுமே ஆகும். கூச்சப்படாமல் கேளுங்கள் என்பதற்கு ‘ஜஸ்ட் ஆஸ்க்’ போதும்.

அப்படி ஒரு செய்தி மறுபடி வந்தால் என்ன செய்வது? பட்டியலில் கை வைக்காமல், ஒரு வரி பதில் போடுங்கள்: ‘செவன் இஸ் பாசிபிள், டாக்டர். ஷல் ஐ சேஞ்ச் த ரோஸ்டர், ஆர் வெயிட்?’ எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேலிடத்தில் இருப்பவர்கள் சில நேரம் முடிவை எடுத்து முடித்துவிட்டு, எதிர்ப்பு எப்படி இருக்கிறது என்று ஆழம் பார்க்கவும் ‘சும்மா யோசிக்கிறேன்’ என்று இந்தத் தொடரைப் போடுவார்கள். அது எந்த வகை என்று மொழியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆளை வைத்துத்தான் முடியும். அதனால்தான் அந்த ஒரு வரிக் கேள்வி தேவைப்படுகிறது.

‘அவுட் லவுட்’ விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். பொருள் அதேதான். ‘ரீட் இட் அலவுட்’, ‘ரீட் இட் அவுட் லவுட்’ இரண்டும் ஒன்று. ‘அலவுட்’ கொஞ்சம் எழுத்து நடை, ‘அவுட் லவுட்’ கொஞ்சம் பேச்சு நடை. அந்தக் கால இலக்கணக் கையேடுகளில் சில ‘அவுட் லவுட்’டைக் கொச்சை என்று ஒதுக்கிவைத்தன. இன்று அந்தக் கெடுபிடி இல்லை.

சில தொடர்களில் மட்டும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க முடியாது. நீங்கள் தினமும் போனில் பார்க்கும் ‘லோல்’, அதாவது எல்.ஓ.எல்., ‘லாஃப்’, ‘அவுட்’, ‘லவுட்’ மூன்றின் முதலெழுத்து. நம் வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் சிரிப்பு. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், அதை ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று நினைத்துக்கொண்டு குறுஞ்செய்திகளின் கடைசியில் போட்டுவந்தார் என்று 2012-இல், பத்திரிகைகளின் நடத்தை பற்றிய லெவசன் விசாரணையில் பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா ப்ரூக்ஸ் சொன்னார். ஆங்கிலம் தாய்மொழியான பிரதமருக்கே அந்தக் கதி என்றால், திண்டுக்கல்லில் இருக்கும் உங்களுக்கு வெட்கம் எதற்கு?

இன்னொரு தொடர், ‘ஃபார் க்ரையிங் அவுட் லவுட்’. இதற்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை. பொறுமை போனவர் சொல்வது. நாம் ‘அட ராமா’, ‘ஐயோ சாமி’ என்று தலையில் அடித்துக்கொள்கிற இடம். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், போதும். தலைமை டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்.

உச்சரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தேர்வுக்குத் தேவை. அழுத்தம் இரண்டாவது அசையில்: அ-லவுட். ‘க்ளவுட்’டில் வரும் அதே ஒலி. முதல் அசை லேசாக வந்து போகும். கடைசியில் வருவது ‘வண்டி’யில் இருக்கும் ‘ட’வின் மெல்லிய ஒலி, ‘பட்டு’வில் இருக்கும் வல்லொலி இல்லை. அதோடு ஓர் உகரத்தை ஒட்டவைத்து ‘அலவுடு’ ஆக்கிவிடாதீர்கள். அனுமதிக்கப்பட்டது என்ற பொருள்தரும் ‘அலவுட்’டும் ஒலியில் இதுவேதான், இம்மியும் வித்தியாசம் இல்லை. எழுதும்போது மட்டும் கவனம்: வாய்விட்டு என்பதற்கு ஏ-எல்-ஓ-யு-டி, அனுமதிக்கு ஏ-எல்-எல்-ஓ-டபிள்யூ-இ-டி. செல்போன் அனுமதி இல்லை என்று சொல்ல வந்த பலகையில் முதல் எழுத்துக்கூட்டலைப் போட்டு, ‘செல்போன் வாய்விட்டு இல்லை’ என்று ஆக்கிவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காத்திருப்பு அறையில் ரீல்ஸ் சத்தம் தாங்காத எனக்கு அந்தப் பொருளும் சரியாகத்தான் பட்டது.

இனி பி.டி.இ. இந்தப் பகுதியில் கிட்டத்தட்ட 60 சொற்கள் வரையுள்ள ஒரு பத்தி திரையில் வரும். பார்த்துத் தயாராக 30 முதல் 40 விநாடி. ஒரு சின்ன ஒலி கேட்டதும் மைக்கில் வாசிக்க வேண்டும். கேட்பது கணினி. அது மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: எழுதியிருப்பதை விடாமல், மாற்றாமல், கூட்டாமல் வாசித்தீர்களா; ஓட்டம் தடைபடாமல் இருந்ததா; உச்சரிப்பு புரிகிற மாதிரி இருந்ததா. குரல் எவ்வளவு பெரிது என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. கத்தினால் நஷ்டம்தான். மைக்கில் ஒலி உடைந்து பதிவாகும், மெய்யொலிகள் மழுங்கும், பாதிப் பத்தியிலேயே மூச்சு வாங்கும். தேர்வு அறையில் பக்கத்து மேசைக்காரர்களும் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சத்தத்தை வெல்ல வேண்டும் என்று கை தன்னால் பரபரக்கும். வேண்டாம். உங்கள் மைக்குக்கு உங்கள் குரல்தான் அருகில் இருக்கிறது.

நோயாளியின் சொந்தக்காரர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு டிஸ்சார்ஜ் குறிப்பை வாசித்துக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல் போதும். தேர்வு தொடங்கும் முன் மைக்கைச் சோதிக்க வாய்ப்புத் தருவார்கள். அப்போது அதே குரலில் பேசி, பதிவைக் கேட்டுப் பாருங்கள். மைக்கை மூக்குக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சுக் காற்று புயல் மாதிரி பதிவாகும்.

மதிப்பெண் ஏறாததற்கு எனக்குத் தோன்றும் காரணம் வேறு. நம் நாக்கு வல்லின மெய்யில் முடிய விரும்பாது. ஓர் உகரத்தைப் போட்டு இறக்கிவைக்கும். அதனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நிற்கும். ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: ‘த பேஷன்ட் ஹூ ஹாட் ஸ்லெப்ட் பேட்லி ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்.’ உரக்கப் படிக்கும்போது இது ‘பேஷண்டு, ஹாடு, ஸ்லெப்டு, ஆஸ்க்டு, வாட்டரு’ என்று ஆகிவிடும். குரலை ஏற்ற ஏற்ற அந்த உகரமும் சேர்ந்து ஏறும். மாடியில் நடந்தது இதுதான் என்று பந்தயமே கட்டுவேன்.

அதே வாக்கியத்தை மூன்று துண்டாக்குங்கள். ‘த பேஷன்ட்’ ஒரு துண்டு. ‘ஹூ ஹாட் ஸ்லெப்ட் பேட்லி’ ஒரு துண்டு. ‘ஆஸ்க்ட் ஃபார் வாட்டர்’ ஒரு துண்டு. துண்டுக்குள் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும்; துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு இமைப்பொழுது நிற்கலாம். ‘பேஷன்ட்’, ‘ஸ்லெப்ட்’, ‘பேட்லி’, ‘ஆஸ்க்ட்’, ‘வாட்டர்’ ஆகியவற்றில் அழுத்தம் விழ வேண்டும். ‘த’, ‘ஹாட்’, ‘ஃபார்’ எல்லாம் வந்த சுவடு தெரியாமல் போகட்டும். கடைசிச் சொல்லில் குரல் இறங்க வேண்டும். செய்தி வாசிப்பது மாதிரி ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை மேலே தூக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டது.

தயாராகும் அந்த 30, 40 விநாடியில் பத்தியை மனசுக்குள் ஓட்டாதீர்கள். வாய்விட்டே ஒரு முறை அடங்கிய குரலில் படித்துப் பாருங்கள். நாக்கு எந்தச் சொல்லில் இடறும் என்று கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். பதிவு தொடங்கிய பிறகு ஒரு சொல் தவறினால் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். திருத்தப் போனால் ஓட்டமும் போகும், அதிகப்படிச் சொல்லும் சேரும். வாயை மூடிக்கொண்டு யோசிக்கவும் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் மௌனமானால் பதிவு நின்றுவிடும்.

வீட்டில் பயிற்சிக்கு மொட்டை மாடி வேண்டாம். அறையில் உட்கார்ந்து, போனில் பதிவு செய்து, கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, யாருக்கும் பிடிக்காது. அதைப் பொருட்படுத்தாமல், உகரம் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். நாலைந்து நாளில் குறிகள் குறைவது தெரியும். மதிப்பெண் அதற்குப் பிறகுதான் அசையும்.

மகன் விஷயத்தில் மாமியாரும் சரி, மிஸ்ஸும் சரி. மௌன வாசிப்பு ஒன்றும் சின்னத் திறமை இல்லை. நாலாம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு, கண் மட்டும் ஏட்டில் ஓட, குரல் எழுப்பாமல் படிப்பதைப் பார்த்து, கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் அதைக் குறிப்பிட்டு எழுதிவைத்தார். வேகமாகப் படிக்கவும், கதைக்குள் தன் பாட்டுக்கு அமிழ்ந்து போகவும் மனசுக்குள் படிப்பதுதான் வசதி. மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் வாய்விட்டுப் படிப்பதிலிருந்து அந்தப் பக்கம் நகர்வது நல்லதுதான்.

ஆனால் நினைவில் நிற்க வேண்டியதற்குப் பாட்டி சொல்வதே கைகொடுக்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லௌட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சொற்பட்டியலில் சிலவற்றை வாய்விட்டும் சிலவற்றை மனசுக்குள்ளும் படிக்கச் சொன்னால், வாய்விட்டுப் படித்தவையே பிறகு அதிகம் நினைவில் இருந்தன. இதில் முக்கியம் அந்தக் கலவைதான். சிலவற்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லும்போது, அவை மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிகின்றன. எல்லாவற்றையும் வாய்விட்டே படித்தால் எது தனித்துத் தெரியும்?

ஆகவே பாடப் புத்தகம் முழுவதையும் அவன் ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டியதில்லை. பாடத்தை மனசுக்குள் படிக்கட்டும். பிறகு அதில் முக்கியமான நாலைந்து வரிகளை அவனே அடிக்கோடிட்டு, அவற்றை மட்டும் பாட்டிக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்லட்டும். வாய்ப்பாடும் திருக்குறளும் முழுக்க வாய்விட்டுத்தான். ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: அதில் தினமும் ஒரு பத்தியை உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் வாசித்து முடித்ததும் உங்கள் பி.டி.இ. பத்தியை நீங்கள் அவனிடம் வாசியுங்கள், எங்கெல்லாம் ‘உ’ போடுகிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த வயதுப் பிள்ளைகள் அம்மாவின் தப்பை ஒன்று விடாமல் பிடிப்பார்கள்.